இளம் ஒயினைப் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் நாட்டுச் சமையலைப் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதனுடன் பெட்டிச் செய்தியாக வெளியான ஒயின் குறிப்பில் மூன்று விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. சிவப்பு ஒயின் நாள்பட நாள்படத்தான் சிறக்கும், அதை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும், இறைச்சிக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அதில் இருந்தது. ஓக் மரப் பீப்பாயில் நெடுநாள் இருந்த ஒயின்களைப் பற்றி என்றால் முதல் இரண்டையும் ஓரளவு ஏற்கலாம். ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாட்டோடு அன்றாடம் குடிக்கும் இளம் சிவப்பு ஒயினுக்கு மூன்றுமே தவறு. அந்தக் குறிப்பை நம்பி ஒரு பாட்டிலை வாங்கி நாலு வருடம் அலமாரியில் வைத்தால், திறக்கும்போது மணம் போய், நிறம் வெளுத்து, புளிப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும்.

இந்த வகையை அங்கே ‘ஹோவென்’ என்பார்கள். பாரில் ‘வீனோ தெல் அன்யோ’, அதாவது இந்த வருடத்து ஒயின், என்று கேட்டாலும் இதுதான் வரும். ஸ்பெயின் சட்டப்படி ஒரு சிவப்பு ஒயினின் லேபிளில் ‘க்ரியான்ஸா’ என்று போட வேண்டுமானால் அது குறைந்தது 24 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் 6 மாதமாவது மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரியோஹா வட்டாரம் இந்தப் பீப்பாய்க் காலத்தை 12 மாதமாக வைத்திருக்கிறது. ‘ரெஸெர்வா’வுக்கு 36 மாதம், அதில் 12 மாதம் பீப்பாய். ‘கிரான் ரெஸெர்வா’வுக்கு 60 மாதம். ஹோவெனுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சை அடுத்த கோடைக்குள் மேசைக்கு வந்துவிடும். பலரும் இந்த வரிசையைத் தரப் பட்டியலாக எடுத்துக்கொள்வதுதான் குழப்பத்துக்கெல்லாம் வேர். இது வயதுப் பட்டியல் மட்டுமே. க்ரியான்ஸா ஆகத் தகுதியில்லாமல் ஒதுக்கப்பட்டது ஹோவென் என்று நினைப்பவர்கள், அது எப்படித் தயாராகிறது என்பதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

ரியோஹா அலாவேசா பகுதியில் லாகுவார்தியா, எல்சியேகோ, லபாஸ்திதா போன்ற ஊர்களில் இன்றும் பழைய முறை நடக்கிறது. டெம்ப்ரானியோ திராட்சையைக் காம்பு நீக்காமல், நசுக்காமல், முழுக் குலைகளாகவே ‘லாகோ’ எனப்படும் திறந்த தொட்டியில் கொட்டுகிறார்கள். மேலே இருக்கும் எடையால் அடியில் உள்ள பழங்கள் மட்டும் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைத்ததும் கரியமில வாயு கிளம்பி, குலைகளுக்கு இடையே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். ஆக்ஸிஜன் இல்லாத அந்த நிலையில், நசுங்காத பழங்களுக்குள்ளேயே அவற்றின் சொந்த என்சைம்களால் ஒரு நொதித்தல் தொடங்குகிறது. பழத்துக்குள் ஏறத்தாழ 2 சதவீத ஆல்கஹால் உண்டாகும். மாலிக் அமிலத்தில் கிட்டத்தட்டப் பாதி கரைந்துவிடும். தோலின் நிறம் சதைக்குள் இறங்கும். ஆனால் விதையின் துவர்ப்பு அவ்வளவாக வெளியே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தொட்டியைத் திறந்தால் தானாக வடிவது ‘லாக்ரிமா’. பிறகு குலைகளைக் கவைக்கோலால் புரட்டி மிதித்து எடுப்பது ‘கொரசோன்’. மிச்சத்தைச் செக்கிலிட்டுப் பிழிந்தால் ‘ப்ரென்ஸா’. மூன்றில் நடுவில் வரும் கொரசோனுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். மணமும் கனமும் சரியாகச் சேர்ந்திருப்பது அதில்தான்.

இப்படிச் செய்த ஒயினை முகர்ந்தால் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, லேசாக வாழைப்பழம், அடியில் அதிமதுரம் என்று வரிசையாக வரும். இந்தப் பழ மணங்களைத் தருபவற்றில் முக்கியமானவை எஸ்டர்கள். அவை நிலையானவை அல்ல. ஓரிரு வருடத்தில் சிதைந்துவிடும். பீப்பாய் ஒயினில் அந்த இடத்தை மரத்தின் வனிலா மணமும், முதிர்ச்சியில் வரும் பதனிட்ட தோல், புகையிலை வாசமும் நிரப்பும். ஹோவெனில் நிரப்ப எதுவும் இல்லை. ஒயின் காலத்தைத் தாங்கி நிற்க உதவும், துவர்ப்பைத் தரும் டானினும் அமிலமும் இதில் குறைவு என்பது இன்னொரு காரணம். அறுவடையிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். தொட்டியில் முழுக் குலையாகச் செய்ததை ஒரு வருடத்துக்குள் குடிப்பதே நல்லது. எல்லா ஹோவென்களும் இந்த முறையில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை காம்பு நீக்கி, எஃகுத் தொட்டியில், தோலோடு சில நாட்கள் மட்டும் ஊறவிட்டு வடிகட்டப்படுபவை. அவற்றில் துவர்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆயுளும் கொஞ்சம் கூடுதல்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ‘கொசேச்சா’ என்று போட்டிருக்கும் அறுவடை ஆண்டு. ரியோஹா பாட்டிலின் பின்பக்க முத்திரை பச்சையாக இருந்தால் அது பொது வகை; சிவப்பு என்றால் க்ரியான்ஸா, கருஞ்சிவப்பு என்றால் ரெஸெர்வா, நீலம் என்றால் கிரான் ரெஸெர்வா. பச்சை முத்திரை இருந்தாலே இளம் ஒயின் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பீப்பாயில் வைத்தும் வயதுப் பட்டியலுக்குள் வர விரும்பாத தயாரிப்பாளர்களும் இதே பச்சையைத்தான் ஒட்டுகிறார்கள். பின் லேபிளில் ‘பர்ரிக்கா’ என்றோ ‘ரோப்லே’ என்றோ இருந்தால் மரம் தொட்டிருக்கிறது என்று பொருள். ‘வீனோ தெ மெசா’ என்ற பழைய பெயர் 2009க்குப் பிறகு லேபிள்களிலிருந்து மறைந்து, வட்டார முத்திரை இல்லாதவை வெறும் ‘வீனோ’ என்றோ ‘வீனோ தெ எஸ்பான்யா’ என்றோ வருகின்றன. கடையில் வெயில் படும் ஜன்னலோரம் நிற்கும் பாட்டிலைத் தொடவே வேண்டாம். கார்க் மேலெழும்பியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுக்கு இருந்தாலோ அது சூட்டில் வெந்த சரக்கு.

அடுத்தது வெப்பநிலை. ‘அறை வெப்பம்’ என்பது குளிர்நாட்டுக் கல்வீடுகளின் 16, 17 டிகிரியை வைத்துச் சொன்னது. ஜூலை மாத மாட்ரிட்டில் பல நாள் மதியம் 35 டிகிரியைத் தாண்டும்; அங்கே அறை வெப்பத்தில் ஒயின் குடிப்பது தண்டனை. ஹோவெனுக்கு 12 முதல் 15 டிகிரி வரை சரி. 18ஐத் தாண்டினால் ஆல்கஹால் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசம் பின்னால் போய்விடும், வாயில் தளர்ந்த மாதிரி இருக்கும். 10க்குக் கீழே போனால் மணம் மூடிக்கொள்ளும், இருக்கும் கொஞ்ச டானினும் கசப்பாகத் தெரியும். 25 டிகிரியில் இருக்கும் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர் விட்டுக் கழுத்து வரை அமிழ்த்தி வையுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். தண்ணீர் இல்லாமல் ஐஸ்கட்டியை மட்டும் அடுக்கினால் பாட்டிலின் மேல் ஆங்காங்கேதான் படும், குளிர நேரமாகும். ஸ்பெயினில் உணவகத்தில் சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்தால் ‘கூபிதேரா’ என்று கேளுங்கள், ஐஸ் வாளி கொண்டு வருவார்கள். யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

திறந்ததும் சில சமயம் நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்கும். நொதித்தலில் மிஞ்சிய கரியமில வாயு அது. கெட்டுப்போனதற்கு அறிகுறி அல்ல. கிளாஸை நாலு சுற்றுச் சுழற்றினால் போய்விடும். தீக்குச்சி உரசிய வாசமோ அழுகிய முட்டை வாசமோ வந்தால், காற்றே படாமல் அடைபட்டுக் கிடந்ததால் உண்டான கந்தகச் சேர்மங்கள். ஒரு குடுவையில் வேகமாக ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த கோளாறு. எவ்வளவு காத்திருந்தாலும் போகாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்த மாதிரிக் குறை எதுவும் இல்லாத ஹோவெனை இரண்டு மணி நேரம் குடுவையில் ஆற வைப்பதால் நன்மை ஒன்றும் இல்லை. அதன் மணமே ஆவியாகிப் போகக்கூடியது.

இனி உணவுக்கு வருவோம். இளம் சிவப்பு ஒயினுக்கு எந்த உணவு சேரும் என்பதை மூன்று கேள்விகளில் பார்த்துவிடலாம். உணவில் கொழுப்பு எவ்வளவு? காரம் எவ்வளவு? வினிகர் உண்டா? டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் துவர்க்கிறது. கொழுப்பும் புரதமும் உணவில் இருந்தால் டானின் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கும். உப்பு கசப்பைக் குறைக்கும். காரமோ ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டிவிடும்.

ரியோஹா வட்டாரத்தின் உருளைக்கிழங்குக் குழம்பான ‘பத்தாத்தாஸ் அ லா ரியோஹானா’ இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. நாலு பேருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, 200 முதல் 250 கிராம் சோரிஸோ (மிளகாய்த்தூள் சேர்த்த பன்றித் தொத்திறைச்சி), ஒரு வெங்காயம், ஒரு பச்சைக் குடைமிளகாய், இரண்டு பல் பூண்டு, ஊற வைத்துச் சுரண்டி எடுத்த இரண்டு காய்ந்த சோரிசேரோ மிளகாயின் சதை, ஒரு பிரிஞ்சி இலை. வெங்காயமும் குடைமிளகாயும் ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதங்க வேண்டும். பிறகு பூண்டு, வட்டமாக நறுக்கிய சோரிஸோ. கிழங்கைக் கத்தியால் முழுசாக வெட்டக் கூடாது. கத்தியைப் பாதி இறக்கி, மீதியைத் திருகிப் பிய்க்க வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சொரசொரப்பான விளிம்பிலிருந்துதான் மாவுச்சத்து கரைந்து குழம்பு கெட்டிப்படும். மூழ்கத் தண்ணீர் விட்டு 25 முதல் 30 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். பிமென்தோன் என்ற புகையூட்டிய மிளகாய்த் தூளைச் சேர்ப்பதானால் அடுப்பைத் தணித்துச் சில நொடிகள் மட்டும் எண்ணெயில் புரட்டி உடனே தண்ணீர் விட வேண்டும். தூள் கருகினால் கசக்கும், அந்தக் கசப்பை ஒயினின் டானின் இரட்டிப்பாக்கும். உணவும் ஒயினும் சேரவில்லை என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கருகலே இருக்கும். சரியாக வந்த குழம்பில் சோரிஸோவின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கும், ஒயினின் புளிப்பு எண்ணெய்ப் பிசுபிசுப்பைக் கழுவிவிடும். பீப்பாயில் முதிர்ந்த ரெஸெர்வாவை இதோடு வைத்தால் பிமென்தோனின் புகையும் ஓக்கின் புகையும் மோதும், இரண்டும் எடுபடாது.

அதே வட்டாரத்தில், குளிர்காலத்தில் கவாத்து செய்த திராட்சைக் கொடிகளைக் காயவைத்து, அந்தக் கனலில் ஆட்டுக்குட்டியின் சின்ன விலா எலும்புத் துண்டுகளைச் சுடுவார்கள். உப்பு மட்டும்தான். தீ எரியும்போது வைக்கக் கூடாது. சுவாலை அடங்கிக் கனல் வெளுத்த பிறகே வைக்க வேண்டும். இதற்கு ஹோவென் போல வேறு எதுவும் சேராது என்பது என் உறுதியான கருத்து. லோக்ரோன்யோ நகரத்தின் லாவுரெல் தெருவில் பூண்டு எண்ணெயில் வாட்டிய காளானை அடுக்கி, மேலே ஓர் இறாலைச் செருகித் தருகிறார்கள். அதற்கும் இளம் சிவப்பு ஒயின்தான் எல்லார் கையிலும் இருக்கும்.

டெம்ப்ரானியோ ஒன்றை மட்டும் வைத்து ஸ்பெயினின் இளம் ஒயின்களை எடைபோடுவது போதாது. லா மன்ச்சாவிலும் வால்தெபேன்யாஸிலும் அதே திராட்சைக்கு சென்சிபெல் என்று பெயர்; வெயில் நிலம் என்பதால் பழுத்த சுவை, மென்மையான புளிப்பு. தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் போன்ற கலபசின் சேர்த்து வதக்கும் ‘பிஸ்தோ’வுக்கு அது நல்ல துணை. மூன்று முதல் ஆறு மாதம் முதிர்ந்த மன்ச்சேகோ பாலாடைக்கட்டிக்கும் அப்படியே. ஒரு வருடத்தைத் தாண்டிய மன்ச்சேகோ உதிர்ந்து, உப்பும் உறைப்பும் ஏறி, இளம் ஒயினைத் தண்ணீராக்கிவிடும். அங்கே க்ரியான்ஸாவைத் தேடலாம். அரகோன் பகுதியின் காம்போ தெ போர்ஹாவில் விளையும் கர்னாச்சாவில் ஆல்கஹால் 14, 14.5 சதவீதம் சாதாரணம். ‘தெர்னாஸ்கோ’ என்னும் இளம் ஆட்டு வறுவலுக்கு அந்தக் கனம் தேவைதான். ஆனால் கர்னாச்சா சீக்கிரம் ஆக்ஸிஜனேற்றம் அடையும். ஆகக் கடைசி அறுவடையைத்தான் வாங்க வேண்டும். ஹுமியா வட்டாரத்தின் மொனாஸ்ட்ரெல் திராட்சை இன்னும் அடர்த்தி. முயலும் தட்டை ரொட்டித் துண்டுகளும் சேர்த்துக் காய்ச்சும் அந்த ஊர் ‘கஸ்பாச்சோ’ போன்ற கனத்த உணவுக்கு உரியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்கும் ஆண்டலூசியாவின் குளிர்ந்த தக்காளிச் சூப்புக்கும் தொடர்பில்லை. வலென்சியாவின் உட்பகுதியான உதியேல்-ரெக்கேனாவில் விளையும் பொபால் திராட்சைக்குப் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல், அதனால் கொண்டைக்கடலை, மோர்சியா என்ற இரத்தத் தொத்திறைச்சி, பன்றி விலா சேர்த்து ஓவனில் வேகவைக்கும் சாதத்துக்கு அது பொருந்தும்.

வடமேற்கில் பியெர்சோ வட்டாரத்து மென்சியா திராட்சை ஒயின் இவை எல்லாவற்றிலும் மெல்லியது. பூ வாசமும் மிளகு வாசமும் உண்டு. வேகவைத்த ஆக்டோபஸின் மேல் கல் உப்பு, ஆலிவ் எண்ணெய், பிமென்தோன் தூவித் தரும் ‘புல்போ’வுக்கு அதை 13 டிகிரியில் கொடுத்துப் பாருங்கள். இறைச்சிக்கு மட்டும்தான் சிவப்பு என்ற விதி அங்கேயே உடைந்துவிடும்.

மீன் விஷயத்தில் அந்த விதிக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, கடலுணவின் கொழுப்போடு சேரும்போது வாயில் கவிச்சை அடிக்கும். சிப்பி, ஸ்காலப் போன்றவற்றில் இது நன்றாகவே தெரியும். அவற்றுக்குச் சிவப்பைத் தவிர்ப்பது சரி. ஆனால் பாஸ்க் மீனவர்களின் ‘மர்மிதாகோ’வில் பொனித்தோ சூரை மீன், உருளைக்கிழங்கு, சோரிசேரோ மிளகாய் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கின்றன. தக்காளி, குடைமிளகாயோடு வரும் உப்பிட்ட காட் மீனும் அப்படித்தான். குழம்பின் கனம் மீனைத் தாங்கிப் பிடிப்பதால் துவர்ப்பு குறைந்த ஹோவென் அங்கே தாராளமாகச் செல்லும். மீனை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் சேர்த்து, மிச்சச் சூட்டிலேயே வேகவிட வேண்டும். அதிகம் வெந்து காய்ந்த சூரை மீனுக்கு எந்த ஒயினும் உதவாது.

சேராதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினிகரில் ஊறிய நெத்திலியும், சமைத்து வினிகர்ச் சாற்றில் ஊறவைத்த ‘எஸ்கபேச்சே’யும் ஒயினின் பழச்சுவையை அடியோடு கொன்றுவிடும். அவற்றுக்கு மன்சனியா அல்லது ஃபினோ என்ற இனிப்பில்லாத ஷெர்ரி ஒயின். ஆர்ட்டிசோக் என்ற காயில் உள்ள சைனரின் என்ற பொருள் அடுத்து எதைக் குடித்தாலும் பொய்யான இனிப்பைத் தரும். நவார்ராவின் வெள்ளை அஸ்பாரகஸோடு சிவப்பு ஒயின் உலோகச் சுவையாக மாறும். கப்ராலெஸ் நீலப் பாலாடைக்கட்டி எந்த ஹோவெனையும் கசக்க வைக்கும். அது பிறந்த அஸ்தூரியாஸில் அதற்கு ஆப்பிள் சைடர்தான் துணை. காரமான சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலான பத்தாத்தாஸ் பிராவாஸ் என்றால் 14.5 சதவீத கர்னாச்சாவை விட்டுவிட்டு 12.5, 13 சதவீதமுள்ள பாட்டிலை இன்னும் ஒரு டிகிரி குளிர வைத்துக் கொடுங்கள். முட்டை நாக்கில் படலம்போல் படியும் என்பதால் ஒயினுக்கு எதிரி என்பார்கள். உருளைக்கிழங்கு சேர்ந்த ஆம்லெட்டான தோர்த்தியாவுக்கு அது பொருந்தாது, எளிய ஹோவென் நன்றாகவே போகும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெயினில் ஒரு பானக் கணக்கு என்பது 10 கிராம் ஆல்கஹால். 13 சதவீத ஒயினில் 100 மில்லியிலேயே அது வந்துவிடுகிறது. பெரிய கிளாஸில் 150 மில்லி ஊற்றினால் ஒன்றரைக் கணக்கு. ஹோவென் இலகுவாக இறங்குவதால் இதை மறந்துவிடுவது எளிது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

கோடையில் ‘தின்தோ தெ வெரானோ’ கலப்பதற்கும் இதுவே ஏற்றது. நீண்ட கிளாஸ் நிறைய ஐஸ், பாதி ஒயின், பாதி ‘கசெயோசா’ என்ற இனிப்புச் சோடா, ஓர் எலுமிச்சைத் துண்டு. பீப்பாய் ஒயினை ஊற்றினால் மரத்தின் கசப்பு சோடாவில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் காற்றோடு படும் பரப்பு கூடும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் சமையலுக்குத்தான். 300 கிராம் பச்சைச் சோரிஸோவை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாமல் அதன் கொழுப்பிலேயே சிவக்க விட்டு, 250 மில்லி ஒயினும் ஒரு பிரிஞ்சி இலையும் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் மூடாமல் வேகவைக்கலாம். ஒயின் கால்பங்காகச் சுண்டும்போது இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் புளிப்பும் உப்பும் இறுகி, குழம்பு நாக்கைச் சுடும். உப்பு போட வேண்டாம். வினிகர் நெடி ஏறிய ஒயினை மட்டும் சட்டியில் விடாதீர்கள், கொதித்தாலும் அந்த நெடி போகாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்